உதிரித் தோட்டா உயிரைக் காக்குமா?

ஆறு குண்டு!

சின்ன ரிவால்வரில் அவ்வளவுதான் இடம். சிலவற்றில் ஐந்துதான். சுட்டு முடித்துவிட்டால், அது வெறும் இரும்புத் துண்டு. அதற்குப் பிறகு என்ன செய்வது?

"அதற்குத்தான் பையில் இன்னும் ஆறு தோட்டா வைத்திருக்கிறேனே!" என்பார், துப்பாக்கி வைத்திருப்பவர்.

அந்த ஆறு தோட்டா அவரைக் காப்பாற்றுமா? அல்லது கம்பி எண்ண வைக்குமா?

இதைத் துப்பாக்கி வைத்திருப்பவர் மட்டும் யோசித்தால் போதாது. அவருடைய மனைவியும் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரும் யோசிக்க வேண்டும். துப்பாக்கி ஒருவருடையது. ஆனால், ஆபத்து எல்லோருக்கும் பொது!

யாரிடம் இருக்கிறது?

குமரி மாவட்டத்தில் மலையோரம் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நகைக் கடைகள். பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு இரவில் வீடு திரும்பும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று காரணம் காட்டி, கலெக்டரிடம் மனுப் போட்டு, முறைப்படி லைசென்சு வாங்கியவர்களும் உண்டு.

கான்பூரில் உள்ள அரசாங்கத் தொழிற்சாலையில் .32 ரிவால்வர் செய்கிறார்கள். 2014 ஜனவரியில் அங்கிருந்து "நிர்பீக்" என்ற பெயரில் ஒரு சின்ன ரிவால்வர் வந்தது. எடை சுமார் 500 கிராம்தான். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள ஏற்றது என்று விளம்பரம் செய்தார்கள். அதிலும் ஆறு தோட்டாதான்.

சின்னத் துப்பாக்கி மறைத்து வைக்க வசதி. எடுத்துச் செல்ல வசதி. ஆனால், மறுபடி தோட்டா நிரப்புவது? அங்கேதான் தொல்லை!

உதயகிரிக் கோட்டை

இந்தத் தொல்லை புதிது அல்ல.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி இருக்கிறது. அங்கே உதயகிரிக் கோட்டையைப் பார்க்கலாம். கோட்டைக்குள் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை உண்டு. அவர் பெயர் டிலனாய்.

1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா மகாராஜா தோற்கடித்தார். அப்போது பிடிபட்டவர்தான் டிலனாய். பிறகு அவரே மகாராஜாவின் படைக்குப் போர்ப் பயிற்சி கொடுத்தார். உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் இருந்தது.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு குண்டுதான் போடலாம். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழாய்க்குள் கொட்ட வேண்டும். குண்டைப் போட வேண்டும். நீண்ட கம்பியால் இடிக்க வேண்டும். அதன் பிறகுதான் சுடலாம். நன்றாகப் பழகிய சிப்பாய்கூட நிமிடத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான் சுட முடியும்.

அதனால் சிப்பாய்களை வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு வரிசை சுடும். சுட்ட வரிசை மருந்து இடிக்கும்போது, அடுத்த வரிசை சுடும்.

இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. துப்பாக்கியை நிரப்புகிறவன் அந்த நேரத்தில் நிராயுதபாணி. அவனைக் காக்க இன்னொருவன் வேண்டும்!

தனியாக நடந்து போகும் நகைக் கடைக்காரருக்கு அந்த இன்னொருவன் யார்?

நிரப்புவது எப்படி?

1836-ல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் என்பவர் தம்முடைய ரிவால்வருக்குப் பேட்டண்டு வாங்கினார். உருளை ஒன்று. அதில் பல அறைகள். ஒருமுறை நிரப்பிவிட்டால் பல தடவை சுடலாம். அதிலும் முதலில் ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும் தனித்தனியாக அடைக்க வேண்டியிருந்தது. 1857-ல் சுமித்-வெஸ்ஸன் கம்பெனி, செம்புக் கூடு வைத்த தோட்டா போடும் ரிவால்வரை விற்கத் தொடங்கியது. அதன் பிறகு வேலை எளிதாகியது.

எளிதுதான்... ஆனால், மேஜைமீது வைத்துச் செய்தால்!

உருளையைத் திறக்க வேண்டும். தள்ளுகோலை அழுத்தி, காலிக் கூடுகளை வெளியே தள்ள வேண்டும். புதுத் தோட்டாக்களை அறைக்கு ஒன்றாகப் போட வேண்டும். உருளையை மூட வேண்டும்.

சின்ன ரிவால்வரில் தள்ளுகோலும் குட்டை. அது காலிக் கூட்டை முழுவதும் வெளியே தள்ளாது. துப்பாக்கி வாயை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்துப் பலமாகத் தட்டினால்தான் கூடுகள் கீழே விழும். ஒரு கூடு சிக்கிக்கொண்டால், அந்த அறையில் புதுத் தோட்டா போகாது.

இவ்வளவையும் இருட்டில் செய்ய வேண்டும். எதிரே ஒருவன் கொல்ல வருகிறான். உள்ளங்கை வியர்க்கிறது. விரல் நடுங்குகிறது. ஊசியில் நூல் கோப்பவரின் கையைப் பிடித்து ஆட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

இந்தத் தொல்லையைக் குறைக்கச் சில பொருள்கள் வந்திருக்கின்றன. ஒன்று, ரப்பர் பட்டை. மருந்துக் கடையில் மாத்திரை அட்டை கொடுப்பார்களே, அதுபோல ஆறு தோட்டா ஒரே வரிசையில் அதில் நிற்கும். தட்டையாக இருப்பதால் சட்டைப் பையில் அடங்கும். இரண்டிரண்டாக நிரப்பலாம்.

இன்னொன்று, "ஸ்பீடு லோடர்". ஆறு தோட்டாவையும் வட்டமாகப் பிடித்திருக்கும் சின்னப் பிடி. ஒரே தடவையில் ஆறையும் உள்ளே விட்டுவிடலாம். வேகம் உண்டு. ஆனால், குண்டாக இருப்பதால் பை புடைக்கும்.

எதுவும் இல்லாமல் சில்லறைக் காசோடும் சாவிக் கொத்தோடும் தோட்டாவைப் பையில் போட்டுக்கொள்வதுதான் மோசம். அவசரத்தில் கையை விட்டால், சாவிதான் வரும்!

நாலு இளைஞர்கள்

இது கட்டுக்கதை அல்ல. நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம். நியூஹால் என்ற ஊர். 1970 ஏப்ரல் 5, நள்ளிரவு நேரம். நெடுஞ்சாலைப் போலீசார் ஒரு காரை மடக்கினார்கள். காரில் இரண்டு பேர். இருவரும் பழைய குற்றவாளிகள்.

துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஐந்து நிமிடத்துக்குள் நாலு போலீஸ்காரர்கள் பிணமானார்கள். நாலு பேரும் 25 வயதுகூட ஆகாத இளைஞர்கள். நாலு பேரும் குழந்தைகளைப் பெற்றவர்கள்.

அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பென்ஸ். தம்முடைய ரிவால்வரில் இருந்த ஆறு குண்டுகளையும் அவர் சுட்டுவிட்டார். காரின் மறைவில் குனிந்து, இடுப்புப் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றாக நிரப்பினார். உடம்பில் காயம் வேறு. நிரப்பி முடித்து உருளையை மூடும் நேரம்... எதிரி சுற்றி வந்து, பக்கத்தில் நின்று சுட்டுவிட்டான்.

தோட்டா இருந்தது. நேரம்தான் இல்லை!

அதன் பிறகு அந்த மாகாணத்து நெடுஞ்சாலைப் போலீசாருக்குப் பயிற்சி முறையை மாற்றினார்கள். ஸ்பீடு லோடரும் கொடுத்தார்கள்.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமி நகரில் இன்னொரு சண்டை. எப்.பி.ஐ. என்ற மத்திய புலனாய்வுப் போலீசார் எட்டுப் பேர். கொள்ளைக்காரர்கள் இருவர். கொள்ளைக்காரர்கள் இருவரும் செத்தார்கள். போலீஸ் தரப்பிலும் இருவர் மாண்டனர். ஐந்து பேர் காயம் அடைந்தனர். ஓர் அதிகாரியின் கையில் குண்டு பாய்ந்தது. அவரால் தம்முடைய ரிவால்வரை மறுபடி நிரப்ப முடியவில்லை. ரிவால்வரை நிரப்ப இரண்டு கையும் வேண்டும் அல்லவா? இந்தச் சண்டைக்குப் பிறகு எப்.பி.ஐ. போலீசார் ரிவால்வரை விட்டு, தானாக நிரப்பிக்கொள்ளும் பிஸ்டலுக்கு மாறினார்கள்.

இவர்கள் எல்லோரும் அரசாங்கத்தில் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் கதியே இது என்றால், ஆண்டுக்கு ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தொடாதவர் கதி என்ன?

களியக்காவிளை

நம் ஊருக்கே வருவோம்.

2020 ஜனவரி 8, இரவு. களியக்காவிளை சோதனைச் சாவடி. அங்கே வேலையில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சனை இருவர் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடினார்கள். குமரி மாவட்டமே அதிர்ந்தது. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கியைப் பிறகு எர்ணாகுளத்தில் ஒரு சாக்கடையிலிருந்து எடுத்தார்கள்.

"இரவில் காவல் நிற்கும் போலீசாருக்குத் துப்பாக்கி வேண்டும்" என்ற பேச்சு அப்போது எழுந்தது. நியாயமான பேச்சுதான். ஆனால், அதோடு இன்னும் இரண்டு சேர வேண்டும்.

ஒன்று, பழக்கம். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, சுட்டுப் பழகத் தோட்டா கொடுக்காவிட்டால், அது தோளுக்குச் சுமை.

இரண்டு, துணை. உதயகிரிச் சிப்பாய்க்கு இருந்ததுபோல, பக்கத்தில் விழிப்போடு ஒருவர் நிற்க வேண்டும். கொல்ல வருபவன் தனக்கு வசதியான நொடியைத் தேர்ந்தெடுத்து வருகிறான். அந்த முதல் நொடியில் விழிப்புதான் காக்கும். பையில் உள்ள தோட்டா காக்காது.

எல்லை தாண்டினால்

களியக்காவிளைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதைத் தாண்டினால் கேரளம்.

குமரி மாவட்டத்துக்காரருக்கு இது ஓர் எல்லையாகவே தோன்றாது. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ராஜ்யமாக இருந்த மண் அல்லவா? ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம். கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம். வெளிநாடு போக விமானம் ஏறுவதும் திருவனந்தபுரம்.

ஆனால், துப்பாக்கி லைசென்சுக்கு எல்லை உண்டு! எந்த இடம் வரை செல்லும் என்று லைசென்சிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அது செல்லாது. துப்பாக்கிக்கு மட்டும் அல்ல, தோட்டாவுக்கும் இதுதான் சட்டம்.

ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்பதும் லைசென்சில் இருக்கும். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாமல் தோட்டா வைத்திருப்பது சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். துப்பாக்கியே இல்லாமல், தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம்தான்!

விமான நிலையங்களில் இது அடிக்கடி நடக்கிறது. அப்பா ஒரு காலத்தில் பயன்படுத்திய பை. அதன் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டா. மகன் அதே பையில் துணி வைத்து எடுத்துப் போகிறான். சோதனை இயந்திரத்தில் அது தெரிகிறது. விமானம் போய்விடுகிறது. மகன் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாது" என்று அவன் சொல்லலாம். அதற்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டு. உடைமை என்றால், அறிந்து வைத்திருப்பதுதான் என்று 1972-ல் குன்வந்த்லால் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியிருக்கிறது. ஆனால், கோர்ட்டு அதைச் சொல்வதற்குள் வேலை போய்விடும். விசா தீர்ந்துவிடும். வக்கீலுக்குக் கொடுக்க மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விடும்.

ஒரு தோட்டாவை எண்ணாமல் விட்டதற்கு இவ்வளவு தண்டனை!

வீட்டில்

கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் வீட்டு அம்மாள் என்ன செய்கிறார்? நகையைக் கழற்றி எண்ணிப் பூட்டுகிறார். ஒரு கம்மல் குறைந்தால் வீடே ரணகளம்.

தோட்டாவை அப்படி எண்ணுகிறோமா? துப்பாக்கியைப் பீரோவில் பூட்டுவார்கள். உதிரித் தோட்டா மட்டும் மேஜை அறையில் கிடக்கும். தைலப் புட்டி, பழைய சாவி, மின்சாரக் கட்டணச் சீட்டு, இவற்றோடு அதுவும் ஒன்று! பளபளவென்று இருக்கும். குழந்தைக்கு அது விளையாட்டுப் பொருள். சுத்தியலால் தட்டினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியுமா?

தேர்தல் வந்தால், துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். துப்பாக்கி போகும். மேஜை அறைத் தோட்டா வீட்டிலேயே தங்கிவிடும்.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு. ஈரக் காற்றும் உண்டு. தோல் பட்டையில் செருகி வைத்த தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறியது அறைக்குள் எளிதில் போகாது. போனாலும் சிக்கிக்கொள்ளும். பத்து ஆண்டு பையில் கிடந்த தோட்டா, வேண்டிய நாளில் வெடிக்கும் என்று யார் உறுதி சொல்வது?

அண்ணாச்சி கேட்ட கேள்வி

இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நகைக் கடைக்காரர். மற்றவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார். டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன தம்பி, பை கனமா இருக்கு?"

"பன்னிரண்டு தோட்டா இருக்கு அண்ணாச்சி. துப்பாக்கியில வேற ஆறு."

"கடைசியா எப்பம் நிறைச்சுப் பாத்தீரு?"

"வாங்குன அன்னைக்கு, கடையில வச்சு."

"அது எத்தன வருசம் ஆச்சு?"

"ஒம்பது வருசம் ஆச்சுல்லா?"

"அப்பம் ஒம்பது வருசமா சும்மா செமந்துகிட்டு நடக்கேரு! அதுக்குப் பதிலா, கடை அடைச்சதும் ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனா, உமக்கும் பயம் இல்ல, வீட்டுல அவுங்களுக்கும் பயம் இல்ல."

நகைக் கடைக்காரரால் என்ன பதில் சொல்ல முடியும்?

மூன்று கடன்

துப்பாக்கியே கூடாது என்று சொல்லிவிடலாம். ஆனால், உண்மையாகவே உயிருக்கு ஆபத்து உள்ளவர்களுக்குச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால், உதிரித் தோட்டாவைப் பையில் போட்டுக்கொள்பவர் மூன்று கடனைத் தீர்க்க வேண்டும்.

முதல் கடன், பழக்கம். லைசென்சு கேட்பவர் ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சான்றிதழ் வாங்கியதோடு அதை மறக்கக் கூடாது. மருந்து இல்லாத போலித் தோட்டாவை வைத்து, தெரிந்தவர் முன்னிலையில், மாதம் ஒருமுறையாவது நிரப்பிப் பழக வேண்டும். அந்த அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இரண்டாம் கடன், கணக்கு. எத்தனை வாங்கினோம், எத்தனை சுட்டோம், எத்தனை இருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். வீட்டை விட்டுப் போகும்போது எண்ண வேண்டும். திரும்பி வந்தால் எண்ண வேண்டும். எல்லை தாண்டும் முன்பு லைசென்சைப் படிக்க வேண்டும். பழைய பையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன்பு உதறிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கடன், பூட்டு. துப்பாக்கி ஓர் இடம், தோட்டா ஓர் இடம். இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. சாவி இடுப்பில்.

இந்த மூன்று கடனையும் தீர்க்க முடியாதவர் என்ன செய்வது?

வெட்கப்பட வேண்டியதில்லை. துப்பாக்கியையும் தோட்டாவையும் முறைப்படி ஒப்படைத்துவிடலாம். போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிறகு நகையைக் கடையிலேயே நல்ல இரும்புப் பெட்டியில் வைக்கலாம். பணத்தைப் பகலிலேயே பாங்கியில் கட்டலாம். இரவில் தனியாகப் போகாமல் இருக்கலாம். தினமும் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போகாமல் இருக்கலாம். இவற்றுக்கு லைசென்சு வேண்டாம்!

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். பழகாதவனுக்கு ஆயுதமும் புல்தான்.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் லைசென்சுத் துப்பாக்கி இருந்தால், மேஜை அறையைத் திறந்து பாருங்கள். பழைய பைகளை உதறிப் பாருங்கள். தோட்டாக்களை எண்ணுங்கள்.

கணக்குச் சரியாக இருந்தால், நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று குறைந்தால்... அது எங்கே இருக்கிறது என்று தெரியும் வரை, யாரும் தூங்கக் கூடாது.